என்.சி.ஏ.ஏ. மகளிர் கைப்பந்தாட்ட வாகையர் போட்டி

என்.சி.ஏ.ஏ. மகளிர் கைப்பந்தாட்ட வாகையர் போட்டி என்பது ஐக்கிய அமெரிக்காவின் கல்லூரிகளையும் பல்கலைக்கழகங்களையும் சேர்ந்த பெண்கள் அணிகளுக்கிடையே ஆண்டுதோறும் நடைபெறும் தேசியச் சுற்றுப்போட்டி ஆகும். இதனை என்.சி.ஏ.ஏ. என்று சுருக்கமாக அழைக்கப்படும் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் 1981 ஆம் ஆண்டு முதல் நடத்தி வருகிறது. சங்கத்தின் மூன்று பிரிவுகளுக்கும் தனித்தனியே போட்டிகள் உள்ளன. அவற்றுள் முதற் பிரிவுப் போட்டியே பரவலாக அறியப்பட்டது. முந்நூறுக்கும் மேற்பட்ட அணிகள் இலையுதிர் காலம் முழுவதும் தத்தம் மண்டலக் கூட்டமைப்புகளில் விளையாடுகின்றன. அவற்றிலிருந்து 64 அணிகள் தேசியப் போட்டிக்குத் தேர்வு பெறுகின்றன. இறுதிப்போட்டி டிசம்பர் மாதத்தில் நடைபெறும்.

1981 முதல் 2024 வரை நடந்த 44 போட்டிகளில் 12 பல்கலைக்கழகங்கள் மட்டுமே பட்டம் வென்றுள்ளன. அக்காலப் பகுதியில் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகம் ஒன்பது முறையும், பென் ஸ்டேட் எனப்படும் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகம் எட்டு முறையும், நெப்ராஸ்கா பல்கலைக்கழகம் ஐந்து முறையும் வாகை சூடின. பெண்களுக்கான இப்போட்டியில் பெண் ஒருவர் தலைமைப் பயிற்றுநராக இருந்த அணி முதன்முறையாகப் பட்டம் வென்றது 2024 ஆம் ஆண்டில்தான் என்பது இப்போட்டி வரலாற்றின் வியப்புக்குரிய செய்திகளுள் ஒன்றாகும்.

தமிழ்நாட்டில் கைப்பந்து என்றும், இலங்கையில் கரப்பந்தாட்டம் என்றும் வழங்கும் வாலிபால் ஆட்டமே இக்கட்டுரையில் கைப்பந்தாட்டம் எனக் குறிக்கப்படுகிறது.

பின்னணி

கைப்பந்தாட்டத்தை 1895 இல் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் ஹோலியோக் நகரில் வில்லியம் ஜி. மோர்கன் என்பவர் உருவாக்கினார். அங்கிருந்த ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கூடத்தின் பொறுப்பாளராக இருந்த அவர், கூடைப்பந்தாட்டத்தின் மோதலையும் ஓட்டத்தையும் தாங்க இயலாத நடுவயதினருக்காக இதனை அமைத்தார். எதிரணியினர் ஒருவரையொருவர் தொடாமல் வலைக்கு இருபுறமும் நின்று ஆடும் ஆட்டமாதலால், பெண்களுக்கு ஏற்றது என்று கருதப்பட்டுப் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் விரைவில் இடம் பெற்றது. எனினும் இருபதாம் நூற்றாண்டின் முதற் பாதியில் அமெரிக்கக் கல்லூரிப் பெண்களுக்கு விளையாட்டு என்பது பெரும்பாலும் உடற்கல்வி வகுப்பின் ஒரு பகுதியாகவே இருந்தது. கல்லூரிகளுக்கு இடையிலான கடும் போட்டி பெண்களின் உடல்நலத்துக்கும் இயல்புக்கும் ஒவ்வாதது என்னும் எண்ணம் கல்வியாளர்களிடையே, பெண் உடற்கல்வி ஆசிரியர்கள் பலரிடையேயும்கூட, வேரூன்றியிருந்தது.

இந்நிலை 1960களில் மாறத் தொடங்கியது. பெண் உடற்கல்வியாளர்களே முன்வந்து கல்லூரி மகளிருக்கான தேசியப் போட்டிகளை ஒழுங்கு செய்தனர். அவ்வகையில் மகளிர் கைப்பந்தாட்டத்திற்கான முதல் தேசியக் கல்லூரிப் போட்டி 1970 இல் நடைபெற்றது. அதில் டெக்சஸ் மாநிலத்தின் மேற்குக் கோடியில் ஆல்பைன் என்னும் சிற்றூரிலுள்ள சல் ராஸ் மாநிலப் பல்கலைக்கழகம் வென்றது. அடுத்த ஆண்டும் அவ்வணியே வாகை சூடியது. என்.சி.ஏ.ஏ. அதே 1970 இல் ஆண்களுக்கான கைப்பந்தாட்டப் போட்டியைத் தொடங்கியது. பெண்களுக்கு ஒரு போட்டியை அது நடத்த மேலும் பதினோராண்டுகள் ஆயின.

1971 இல் ஏ.ஐ.ஏ.டபிள்யூ. எனப்படும் கல்லூரி மகளிர் விளையாட்டுச் சங்கம் உருவானது. பெண்களால் பெண்களுக்காக நடத்தப்பட்ட இச்சங்கத்தில் அதன் உச்ச காலத்தில் ஏறத்தாழ ஆயிரம் கல்லூரிகள் உறுப்பினராக இருந்தன. விளையாட்டு கல்வியின் ஓர் அங்கமாகவே இருக்கவேண்டும், ஆண்கள் விளையாட்டில் காணப்பட்ட வணிகப் போக்கும் ஆள்சேர்ப்புப் பூசல்களும் பெண்கள் பக்கம் வரக்கூடாது என்பது அதன் கொள்கை. அதனால் விளையாட்டுக்காக உதவித்தொகை வழங்குவதைக்கூட அது தொடக்கத்தில் தடை செய்தது. உதவித்தொகை பெற்றிருந்த புளோரிடா மாநில டென்னிஸ் வீராங்கனைகள் 1973 இல் வழக்குத் தொடுத்த பிறகு அத்தடை விலக்கப்பட்டது. கைப்பந்தாட்டத்தில் இச்சங்கத்தின் பட்டங்களை லாஸ் ஏஞ்சலிசிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் (யூ.சி.எல்.ஏ.), லாங் பீச் மாநிலப் பல்கலைக்கழகம், தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் (யூ.எஸ்.சி.), யூட்டா மாநிலப் பல்கலைக்கழகம், ஹவாய்ப் பல்கலைக்கழகம், டெக்சஸ் பல்கலைக்கழகம் ஆகியவை வென்றுள்ளன.

சட்டத்தின் ஒன்பதாம் தலைப்பு

கல்லூரி மகளிர் கைப்பந்தாட்டத்தின் வளர்ச்சியை 1972 ஆம் ஆண்டின் கல்விச் சட்டத்திருத்தத்திலிருந்து பிரித்துப் பார்க்க இயலாது. அத்திருத்தத்தின் ஒன்பதாம் தலைப்பு, அதாவது டைட்டில் நைன், நடுவண் அரசின் நிதியுதவி பெறும் எந்தக் கல்வித் திட்டத்திலும் பாலினத்தை முன்னிட்டு ஒருவரை விலக்கவோ வேறுபடுத்தி நடத்தவோ கூடாது என்று விதித்தது. ஆங்கிலத்தில் 37 சொற்களே கொண்ட ஒரே வாக்கியம் அது. அதில் விளையாட்டு என்ற சொல்லே இல்லை. குடியரசுத் தலைவர் நிக்சன் 1972 ஜூன் 23 அன்று அதில் ஒப்பமிட்டார். அதனை இயற்றப் பாடுபட்டவர்களுள் ஹவாய் மாநிலத்தின் பேட்சி மிங்க் முதன்மையானவர். இவர் 2002 இல் மறைந்த பின்னர் இச்சட்டத்துக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது.

சட்டம் விளையாட்டுக்கும் பொருந்தும் என்பது தெளிவானதும் எதிர்ப்பு எழுந்தது. வருவாய் ஈட்டும் விளையாட்டுகளுக்கு விலக்களிக்கக் கோரி டெக்சஸ் மாநில மேலவை உறுப்பினர் ஜான் டவர் 1974 இல் கொண்டுவந்த திருத்தம் ஏற்கப்படவில்லை. அத்திருத்தத்தை ஆதரித்த என்.சி.ஏ.ஏ., 1976 இல் இச்சட்ட விதிகளுக்கு எதிராக நீதிமன்றமும் சென்றது. விதிகள் 1975 இல் நடைமுறைக்கு வந்தன. கல்லூரிகள் அவற்றை நிறைவேற்ற 1978 வரை காலக்கெடு அளிக்கப்பட்டது.

இச்சட்டத்தின் பயன் கைப்பந்தாட்டத்துக்கு மிகுதியாகக் கிடைத்தமைக்கு நடைமுறைக் காரணங்கள் உண்டு. கூடைப்பந்தாட்டத்துக்காகக் கட்டிய உள்ளரங்கிலேயே வலையைக் கட்டி ஆடலாம், புதிய மைதானம் வேண்டியதில்லை. ஆட்டப் பருவம் இலையுதிர் காலம் என்பதால் கூடைப்பந்தாட்டத்தோடு அரங்குக்காகப் போட்டியிட வேண்டிய தேவையும் குறைவு. அத்துடன், ஆண்களின் அமெரிக்கக் கால்பந்து அணி ஒன்றுக்கு முதற் பிரிவில் 85 உதவித்தொகைகள் வரை வழங்கப்பட்டு வந்தன. அதற்கு ஈடாகப் பெண்கள் பக்கத்தில் இடங்களைக் கூட்டவேண்டிய கட்டாயம் பல்கலைக்கழகங்களுக்கு ஏற்பட்டது. மகளிர் கைப்பந்தாட்ட அணிக்கு 12 முழு உதவித்தொகைகள் என்னும் வரம்பு நெடுங்காலம் நடைமுறையில் இருந்தது. ஆண்கள் கைப்பந்தாட்டத்தை மிகச் சில பல்கலைக்கழகங்களே நடத்துவதால், அமெரிக்கக் கல்லூரிகளில் கைப்பந்தாட்டம் என்றாலே பெண்கள் ஆட்டம் என்ற நிலை உருவாயிற்று.

இரு சங்கங்கள், இரு வாகையர்கள்

பெண்கள் விளையாட்டை எதிர்த்து வழக்காடிய என்.சி.ஏ.ஏ., 1970களின் இறுதியில் நிலைமாறியது. சட்டம் நிலைத்துவிட்டது, பெண்கள் விளையாட்டு வளர்ந்தே தீரும் என்று உறுதியானபின், அதைத் தானே நடத்துவது நல்லது என்ற முடிவுக்கு அது வந்தது. இரண்டாம், மூன்றாம் பிரிவுகளில் மகளிர் வாகையர் போட்டிகளைத் தொடங்க 1980 ஆம் ஆண்டு மாநாட்டிலும், முதற் பிரிவில் தொடங்க 1981 ஆம் ஆண்டு மாநாட்டிலும் தீர்மானம் நிறைவேறியது. மகளிர் அணிகளுக்கெனத் தனி உறுப்பினர் கட்டணம் இல்லை, தேசியப் போட்டிக்கு வரும் அணிகளின் பயணச் செலவைச் சங்கமே ஏற்கும் என்று அறிவிக்கப்பட்டது. பணவசதி குறைந்த மகளிர் சங்கத்தால் இதற்கு ஈடுகொடுக்க முடியவில்லை.

இதன் விளைவாக 1981 ஆம் ஆண்டுப் பருவத்தில் இரு தேசியப் போட்டிகள் நடந்தன. ஏ.ஐ.ஏ.டபிள்யூ. நடத்திய கடைசிப் போட்டியில் டெக்சஸ் பல்கலைக்கழகம் வென்றது. என்.சி.ஏ.ஏ. நடத்திய முதற் போட்டியில் 20 அணிகள் பங்குகொண்டன. யூ.சி.எல்.ஏ.யின் சொந்த அரங்கமான பாலி பெவிலியனில் நடந்த அதன் இறுதியில், யூ.எஸ்.சி. அணி ஐந்து செட்கள் வரை போராடி யூ.சி.எல்.ஏ.யை வென்றது. ஓராண்டில் இரு தேசிய வாகையர்கள் இருந்தமையால், வெற்றிகளைக் கணக்கிடும்போது எதனைச் சேர்ப்பது என்பதில் இன்றும் குழப்பம் நேர்வதுண்டு. என்.சி.ஏ.ஏ. ஏடுகள் 1981 இலிருந்தே தொடங்குகின்றன. பல்கலைக்கழகங்கள் தம் அரங்கங்களில் தொங்கவிடும் பதாகைகளிலோ முந்தைய பட்டங்களும் இடம்பெறுகின்றன.

என்.பி.சி. தொலைக்காட்சியும் கைவிட்ட நிலையில் மகளிர் சங்கம் 1982 இல் தன் செயற்பாடுகளை நிறுத்தியது. என்.சி.ஏ.ஏ. தன் பணபலத்தால் முற்றுரிமை பெற முயன்றது என்று அது தொடுத்த வழக்கு கீழ் நீதிமன்றத்திலும், பின்னர் 1984 இல் மேன்முறையீட்டிலும் தோற்றது. பெண்கள் விளையாட்டுக்கு நிதியும் தொலைக்காட்சியும் பெருகின என்பது இம்மாற்றத்தின் ஒரு பக்கம். அதன் நிருவாகம் பெண்களின் கையிலிருந்து போயிற்று என்பது மறுபக்கம்.

போட்டி முறை

முதற் போட்டியில் 20 ஆக இருந்த அணிகளின் எண்ணிக்கை படிப்படியாக உயர்ந்து 1998 இல் 64 ஆனது. மண்டலக் கூட்டமைப்புகளின் வாகையர்கள் நேரடியாகத் தகுதி பெறுவர். எஞ்சிய இடங்களைத் தேர்வுக்குழு நிரப்பும். ஓர் அணி எத்தனை ஆட்டங்களில் வென்றது என்பதை மட்டுமன்றி, எத்தகைய அணிகளோடு மோதியது என்பதையும் குழு கணக்கில் கொள்ளும். எளிய எதிராளிகளைத் தேர்ந்து வெற்றிகளைக் குவித்த அணிகள் இடம்பெறாமல் போவதும், பல தோல்விகள் கண்ட வலிய அணிகள் இடம்பெறுவதும் இதனால் நேர்கிறது.

போட்டி ஒற்றைத் தோல்வி முறையில் நடைபெறும். ஒருமுறை தோற்ற அணி வெளியேற வேண்டும், பட்டம் பெற ஆறு வெற்றிகள் தேவை. முதலிரு சுற்றுகள் முன்னணி 16 அணிகளின் வளாகங்களில், ஒவ்வோர் இடத்திலும் நான்கு அணிகள் வீதம் நடத்தப்படுகின்றன. வென்ற 16 அணிகள் நான்கு வட்டாரப் போட்டிகளில் மோதும். அவற்றில் வெல்லும் நான்கு அணிகள் முன்கூட்டியே தெரிவு செய்யப்பட்ட ஒரு நகரில் அரையிறுதியும் இறுதியும் ஆடும். தரவரிசையில் உயர்ந்த அணிக்குச் சொந்த அரங்கில் ஆடும் வாய்ப்புக் கிடைப்பதால், பருவத்தின் இடைப்பட்ட ஆட்டம் ஒவ்வொன்றுக்கும் மதிப்பு உண்டு.

கோவிட்-19 தொற்றுப் பரவலால் 2020 ஆம் ஆண்டுப் போட்டி 2021 வசந்தத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டது. 48 அணிகளாகச் சுருக்கப்பட்டு, எல்லா ஆட்டங்களும் நெப்ராஸ்காவின் ஒமாகா நகரிலேயே நடந்தன. சிமெண்டுத் தளத்தின்மீது விரிக்கப்பட்ட களங்களில் பயிற்சி செய்ய நேர்ந்ததும், தொடக்கச் சுற்று ஆட்டங்கள் வர்ணனையாளர் இன்றி ஒளிபரப்பாகும் என்ற அறிவிப்பும் பயிற்றுநர்களின் கண்டனத்துக்கு உள்ளாயின. வர்ணனையாளர்கள் பின்னர் அமர்த்தப்பட்டனர். மகளிர் கூடைப்பந்தாட்ட வீராங்கனைகளுக்குப் போதிய உடற்பயிற்சிக் கருவிகள் தரப்படாமை பெருஞ் செய்தியானதும் அதே வசந்தத்தில்தான். அப்போட்டியில் கென்டக்கிப் பல்கலைக்கழகம் முதன்முறையாக வாகை சூடியது.

ஆட்ட விதிகள்

வலையின் உயரம், களத்தின் அளவு ஆகியவற்றில் கல்லூரி ஆட்டம் பன்னாட்டு ஆட்டத்தை ஒத்ததே. பெண்களுக்கான வலை 2.24 மீட்டர் உயரமுடையது. வேறுபாடுகள் பெரும்பாலும் ஆள்மாற்றத்தில் உள்ளன. பன்னாட்டு விதிப்படி ஒரு செட்டில் ஆறு மாற்றங்களே இயலும். கல்லூரி ஆட்டத்தில் பதினைந்து வரை செய்யலாம். இதனால் ஓர் அணியில் அதிக மாணவிகளுக்குக் களமிறங்கும் வாய்ப்புக் கிடைக்கிறது, பயிற்றுநர்கள் பின்வரிசைக்கெனத் தனித் திறமையாளர்களை வைத்துக்கொள்ளவும் முடிகிறது. பந்தைத் தடுத்தெடுப்பதற்கென்றே உள்ள லிபரோ என்னும் ஆட்டக்காரர் கல்லூரி ஆட்டத்தில் 2002 இல் அறிமுகமானார். பன்னாட்டு ஆட்டத்தில் லிபரோ சர்வீஸ் போட இயலாது, கல்லூரியில் ஒரு சுழற்சியில் போடலாம்.

முன்னர் சர்வீஸ் போடும் அணி மட்டுமே புள்ளி பெறும் முறையில் செட்கள் 15 புள்ளிகளுக்கு ஆடப்பட்டன. 2001 இல் ஒவ்வொரு பந்துக்கும் புள்ளி என்னும் முறை வந்தபோது செட் 30 புள்ளிகளானது, 2008 இல் 25 ஆகக் குறைக்கப்பட்டது. ஐந்தாம் செட் 15 புள்ளிகளுக்கு நடைபெறும். 2024 இல் செய்யப்பட்ட மாற்றத்தின்படி, தன் அணியினருக்கே பந்தை ஏற்றிக் கொடுக்கும் இரண்டாம் தொடுகையில் பந்து இருமுறை கையில் பட்டாலும் அது தவறாகாது. பந்தேற்றும் கலையின் நுட்பம் குன்றிவிடும் என்று சிலரும், நடுவரின் கணிப்பை நம்பியிருந்த ஒரு தீர்ப்பு ஒழிந்தது என்று சிலரும் இது குறித்து வாதிட்டனர்.

மேற்குக் கடற்கரையும் ஹவாயும்

போட்டியின் முதற் பத்தாண்டுகளில் கலிபோர்னியா, ஹவாய் அணிகளே ஆதிக்கம் செலுத்தின. ஆண்டு முழுவதும் கடற்கரையில் கைப்பந்தாடும் வழக்கமும், பள்ளிப் பருவத்திலிருந்தே பயிற்சியளிக்கும் கழகங்களும் அங்கு இருந்தமை இதற்குக் காரணம் எனப்படுகிறது. 1981 முதல் 1987 வரை பட்டம் இவ்விரு மாநிலங்களுக்கு வெளியே செல்லவில்லை. ஸ்டாக்டன் நகரின் சிறிய தனியார் பல்கலைக்கழகமான பசிபிக் 1985, 1986 ஆண்டுகளில் தொடர்ந்து வென்றது. அவ்வணியின் பயிற்றுநர் ஜான் டன்னிங் பிற்காலத்தில் ஸ்டான்போர்டுக்கும் மூன்று பட்டங்கள் பெற்றுத் தந்தார்.

ஹவாய்ப் பல்கலைக்கழக அணியின் கதை தனித்துச் சொல்லத்தக்கது. ரெயின்போ வாஹினே என்பது அவ்வணியின் பெயர். வாஹினே என்றால் ஹவாய் மொழியில் பெண் என்று பொருள். பெருநிலத்திலுள்ள எந்த எதிராளியோடு மோதவும் பசிபிக் பெருங்கடலைக் கடக்கவேண்டிய அவ்வணி 1982, 1983, 1987 ஆண்டுகளில் என்.சி.ஏ.ஏ. பட்டம் வென்றது. 1982 இறுதியில் யூ.எஸ்.சி.யிடம் முதலிரு செட்களை இழந்தபின் அடுத்த மூன்றையும் கைப்பற்றியது. 1975 இல் பொறுப்பேற்ற பயிற்றுநர் டேவ் ஷோஜி 2016 ஆம் ஆண்டுப் பருவம் வரை பணியாற்றி 1,202 வெற்றிகளைப் பெற்றார். தொழில்முறை விளையாட்டு அணி ஏதும் இல்லாத அத்தீவுகளில் இம்மாணவிகளே மக்களின் அணியாயினர். பார்வையாளர் எண்ணிக்கையில் பல ஆண்டுகள் அவ்வணியே நாட்டில் முதலிடம் வகித்தது. ஒன்பதாம் தலைப்பின் தாய் எனப் போற்றப்படும் பேட்சி மிங்கின் மாநிலத்தில் இது நிகழ்ந்தது பொருத்தமானதே.

1988 இல் டெக்சஸ் பல்கலைக்கழகம் ஹவாயை வென்றபோதுதான் பட்டம் முதன்முறையாக உள்நாட்டுக்குச் சென்றது. ஆயினும் மேற்கின் வலிமை குறைந்துவிடவில்லை. 1992 முதல் 1997 வரை நான்கு பட்டங்களை ஸ்டான்போர்ட் வென்றது. 1998 இல் லாங் பீச் மாநில அணி 36 ஆட்டங்களிலும் தோல்வியின்றி வாகை சூடி, அவ்வாறு செய்த முதல் அணி என்ற சிறப்பைப் பெற்றது. பந்தேற்றும் பணியில் அவ்வணியை வழிநடத்தியவர் மிஸ்டி மே. ஸ்டான்போர்டின் 1996, 1997 வெற்றிகளில் பங்குகொண்டவர் கெர்ரி வால்ஷ். கல்லூரியில் எதிரெதிர் அணிகளில் ஆடிய இவ்விருவரும் பின்னர் கடற்கரைக் கைப்பந்தாட்டத்தில் இணைந்து 2004, 2008, 2012 ஒலிம்பிக் போட்டிகளில் தங்கம் வென்றனர்.

பென் ஸ்டேட்டின் 109 வெற்றிகள்

பென் ஸ்டேட் அணி 1993, 1997, 1998 ஆண்டுகளில் இறுதியில் தோற்றபின் 1999 இல் ஸ்டான்போர்டை வென்று முதற் பட்டம் பெற்றது. அதன் பயிற்றுநர் ரஸ் ரோஸ் 1979 முதல் 2021 வரை பணியிலிருந்து 1,330 வெற்றிகளையும் ஏழு பட்டங்களையும் ஈட்டினார்.

2007 செப்டம்பரில் ஸ்டான்போர்டிடம் தோற்ற பின்னர், 2010 செப்டம்பரில் மீண்டும் ஸ்டான்போர்டிடமே தோற்கும்வரை, பென் ஸ்டேட் தொடர்ந்து 109 ஆட்டங்களில் வென்றது. 2008, 2009 ஆகிய இரு பருவங்களிலும் 38 ஆட்டங்களில் 38 வெற்றி. 2008 இல் அரையிறுதி வரை ஒரு செட்டைக்கூட அது இழக்கவில்லை. ஒமாகாவில் 17 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பார்வையாளர் முன்னிலையில் நெப்ராஸ்கா அணி இரு செட்களைப் பறித்து ஐந்தாம் செட் வரை அதனை இழுத்துச் சென்றது. 2009 இறுதியில் டெக்சசிடம் முதலிரு செட்களையும் இழந்த பென் ஸ்டேட், ஐந்தாம் செட்டில் 15-13 எனத் தப்பியது. அவ்வாட்டத்தில் டெக்சசின் டெஸ்டினி ஹூக்கர் ஆடிய ஆட்டம் எத்தகையதென்றால், தோற்ற அணியைச் சேர்ந்த அவரே போட்டியின் சிறந்த வீராங்கனையாகத் தெரிவு செய்யப்பட்டார். 2010 இல் தொடர் வெற்றி முறிந்தபோதிலும் அவ்வாண்டும் பட்டம் பென் ஸ்டேட்டுக்கே சென்றது. நான்கு ஆண்டுகள் தொடர்ந்து வாகை சூடிய அணி வேறில்லை.

நெப்ராஸ்கா

நெப்ராஸ்கா மாநிலத்தில் மகளிர் கைப்பந்தாட்டம் பெற்றிருக்கும் செல்வாக்கு வேறெங்கும் காணப்படாதது. வேளாண்மை மிகுந்த இம்மாநிலத்தின் சிற்றூர்களில் பெண்கள் பள்ளி அணியில் இடம்பெறுவது குடும்பத்துக்குப் பெருமையாகக் கருதப்படுகிறது. பல்கலைக்கழக அணியை 1977 முதல் வளர்த்தெடுத்த டெர்ரி பெட்டிட் 1995 இல் முதற் பட்டத்தைப் பெற்றுத் தந்தார். அவருக்குப் பின் வந்த ஜான் குக் 2000, 2006, 2015, 2017 ஆண்டுகளில் வென்று 2025 ஜனவரியில் ஓய்வு பெற்றார். 2000 ஆம் ஆண்டு அணி 34 ஆட்டங்களிலும் வென்றது. 2001 முதல் அவ்வணியின் உள்ளூர் ஆட்டங்களுக்கான நுழைவுச்சீட்டுகள் தொடர்ச்சியாக முழுதும் விற்றுத் தீர்ந்து வருகின்றன.

2023 ஆகஸ்ட் 30 அன்று லிங்கன் நகரிலுள்ள கால்பந்து மைதானத்தின் நடுவே கைப்பந்துக் களம் அமைத்து ஒமாகா அணியுடன் நெப்ராஸ்கா ஆடியபோது 92,003 பேர் கூடினர். பெண்கள் விளையாட்டு நிகழ்ச்சி ஒன்றுக்கு உலக அளவில் கூடிய மிகப்பெரும் கூட்டம் என்று பல்கலைக்கழகம் இதனை அறிவித்தது. அரை நூற்றாண்டுக்கு முன் உடற்கல்வி வகுப்பு நேரத்தில் ஆடப்பட்ட ஆட்டத்துக்கு இது.

பெண் பயிற்றுநர்கள்

ஒன்பதாம் தலைப்பு இயற்றப்பட்ட 1972 இல் கல்லூரி மகளிர் அணிகளில் பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்டவை பெண் பயிற்றுநர்களிடமே இருந்தன என்று விவியன் அகோஸ்டா, லிண்டா கார்ப்பென்டர் ஆகியோர் பல்லாண்டுகளாக நடத்திய ஆய்வு காட்டுகிறது. 2000களில் அது பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. ஊதியமும் மதிப்பும் இல்லாதவரை பெண்கள் செய்துவந்த பணி, ஊதியம் உயர்ந்ததும் ஆண்களையும் ஈர்த்தது. ஆண்களின் விளையாட்டுத் துறையோடு மகளிர் துறை இணைக்கப்பட்ட பல பல்கலைக்கழகங்களில் பணியமர்த்தும் பொறுப்பும் ஆண்களிடமே சென்றது. எதிர்த்திசையில், ஆண்கள் அணிகளுக்குப் பெண்கள் பயிற்றுநராவது அரிதாகவே நீடிக்கிறது.

இம்மாற்றம் கைப்பந்தாட்ட வாகையர் பட்டியலில் தெளிவாகத் தெரிகிறது. முதற் பிரிவின் முதல் 43 போட்டிகளிலும் வென்ற அணிகளின் தலைமைப் பயிற்றுநர்கள் அனைவரும் ஆண்களே. மூன்றாம் பிரிவில் நிலைமை வேறாக இருந்தது. செயின்ட் லூயிசிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்துக்கு டெரி கிளெமன்ஸ் 1989 முதல் 1996 வரையிலான காலத்தில் ஏழு பட்டங்களைப் பெற்றுத் தந்தார். எனவே திறமைக் குறைவு என்ற விளக்கம் பொருந்துவதன்று.

முதற் பிரிவில் பெரிதும் நெருங்கி வந்தவர் புளோரிடாப் பல்கலைக்கழகத்தின் மேரி வைஸ். 2003 இல் ஓர் அணியை இறுதிப்போட்டிக்குக் கொண்டுவந்த முதற் பெண் பயிற்றுநர் இவரே. அவ்வாண்டு 35 ஆட்டங்களிலும் வென்ற யூ.எஸ்.சி.யிடமும், 2017 இல் நெப்ராஸ்காவிடமும் அவர் அணி இறுதியில் தோற்றது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட வெற்றிகளைப் பெற்றும் தேசியப் பட்டம் கைகூடாமலே 2025 இல் அவர் ஓய்வு பெற்றார். 2022 இல் டேனி பஸ்பூம் கெல்லியின் லூயிவில் அணி இறுதிக்கு வந்து டெக்சசிடம் தோற்றது.

2024 ஆம் ஆண்டு இறுதிப்போட்டி லூயிவில் நகரிலேயே நடைபெற்றது. பஸ்பூம் கெல்லியின் அணி சொந்த ஊரில் களமிறங்கியது. அதனை எதிர்த்தது பென் ஸ்டேட். அவ்வணியின் பயிற்றுநர் கேட்டி ஷூமேக்கர்-காலி, 1999 இல் அப்பல்கலைக்கழகத்தின் முதற் பட்டத்தை வென்ற அணியில் ஆடியவர், 2022 இல் ரஸ் ரோசின் இடத்துக்கு வந்தவர். இரு அணிகளுக்கும் பெண்களே பயிற்றுநர்கள் என்பதால், யார் வென்றாலும் வரலாறு மாறும் என்பது ஆட்டம் தொடங்குமுன்பே உறுதியாயிற்று. அப்பருவத்தின் நடுவே ஷூமேக்கர்-காலிக்கு மார்பகப் புற்றுநோய் இருப்பது கண்டறியப்பட்டிருந்தது. சிகிச்சை பெற்றுக்கொண்டே அவர் அணியை நடத்தினார். அரையிறுதியில் நெப்ராஸ்காவிடம் முதலிரு செட்களை இழந்த பென் ஸ்டேட் மீண்டெழுந்து ஐந்து செட்களில் வென்றது. லூயிவில் அணியோ தன் முன்னணி வீராங்கனை அன்னா டிபீரைக் காயத்தால் இழந்த நிலையில் இறுதிக்கு வந்தது. 21 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கூடிய அரங்கில் பென் ஸ்டேட் 3-1 என வென்றது. அடுத்த மாதம் ஜான் குக் ஓய்வை அறிவித்தபோது, நெப்ராஸ்கா தன் முன்னாள் மாணவியான பஸ்பூம் கெல்லியைப் பயிற்றுநராக அழைத்துக்கொண்டது. இவர் 2006 இல் அங்கு வாகை சூடிய அணியின் வீராங்கனை.

ஏனைய பிரிவுகள்

இரண்டாம் பிரிவில் மினசோட்டாவின் கன்கார்டியா-செயின்ட் பால் பல்கலைக்கழகம் 2007 முதல் 2013 வரை தொடர்ந்து ஏழு பட்டங்களையும், பின்னர் 2016, 2017 ஆண்டுகளில் மேலும் இரண்டையும் வென்றது. விளையாட்டு உதவித்தொகையே வழங்கப்படாத மூன்றாம் பிரிவில் முற்காலத்தில் சான் டியேகோவிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகமும் பின்னர் வாஷிங்டன் பல்கலைக்கழகமும் சிறந்து விளங்கின. என்.சி.ஏ.ஏ.யில் சேராத சிறிய கல்லூரிகளுக்கும் ஈராண்டுக் கல்லூரிகளுக்கும் வேறு சங்கங்கள் தனியே தேசியப் போட்டிகளை நடத்துகின்றன. கடற்கரைக் கைப்பந்தாட்டத்துக்கு 2016 முதல் தனிப் போட்டி உள்ளது.

கல்லூரிக்குப் பின்

கல்லூரி அணிகளே அமெரிக்கத் தேசிய அணிக்கு வீராங்கனைகளை வழங்கும் ஊற்றாக இருந்துவருகின்றன. ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தில் மகளிருக்கான முதல் விளையாட்டு உதவித்தொகை பெற்றவர்களுள் ஒருவரான ஃபுளோ ஹைமன் 1984 ஒலிம்பிக்கில் வெள்ளி வென்ற அணியின் தூணாக விளங்கினார். நாட்டில் நிலையான தொழில்முறைப் போட்டி இல்லாததால் ஜப்பான் சென்று ஆடிய அவர், 1986 ஜனவரியில் ஆட்டத்தின் நடுவே சுருண்டு விழுந்து இறந்தார். மார்ஃபன் நோய்க்கூட்டால் பெருந்தமனி கிழிந்தது காரணம் எனப் பின்னர் தெரியவந்தது. உயரமான ஆட்டக்காரர்களிடம் காணப்படக்கூடிய இந்நோய் குறித்த விழிப்புணர்வு அவர் மறைவுக்குப் பின்னரே பரவியது.

2021 இல் நடைபெற்ற தோக்கியோ ஒலிம்பிக்கில் அமெரிக்க மகளிர் அணி உள்ளரங்கக் கைப்பந்தாட்டத்தில் முதன்முறையாகத் தங்கம் வென்றது. அணியின் பன்னிருவரும் கல்லூரி அணிகளில் ஆடியவர்கள். சிறந்த வீராங்கனையாகத் தெரிவான ஜோர்டன் லார்சன் உட்பட மூவர் நெப்ராஸ்காவின் முன்னாள் மாணவியர். அதுவரை பட்டம் பெற்ற மாணவிகள் ஆட்டத்தைத் தொடர இத்தாலிக்கோ துருக்கிக்கோ ஜப்பானுக்கோ செல்லவேண்டியிருந்தது. 2021, 2024, 2025 ஆண்டுகளில் அடுத்தடுத்துத் தோன்றிய தொழில்முறைத் தொடர்கள் உள்நாட்டிலேயே ஆடும் வழியைத் திறந்தன.

அண்மை மாற்றங்கள்

2023 இறுதிப்போட்டி முதன்முறையாக ஏ.பி.சி. தொலைக்காட்சியில் நேரடியாக ஒளிபரப்பானது. அதில் டெக்சஸ் நெப்ராஸ்காவை 3-0 என வென்று தொடர்ந்து இரண்டாம் முறை பட்டம் பெற்றது. 2024 இல் கால்பந்து ஒளிபரப்பு வருவாயை முன்னிட்டுப் பல்கலைக்கழகங்கள் கூட்டமைப்பு மாறியபோது, மேற்குக் கடற்கரையின் பழைய கூட்டமைப்பு சிதறியது. ஸ்டான்போர்ட் அட்லாண்டிக் கரையோர அணிகளுடனும், யூ.சி.எல்.ஏ., யூ.எஸ்.சி., வாஷிங்டன் ஆகியவை நடுமேற்கு அணிகளுடனும் சேர்ந்தன. வார நடுவில் நாட்டின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்குப் பறந்து ஆடிவிட்டு வகுப்புக்குத் திரும்பவேண்டிய நிலை மாணவிகளுக்கு ஏற்பட்டது.

2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற ஓர் உடன்பாட்டின்படி, பல்கலைக்கழகங்கள் தம் விளையாட்டு வருவாயில் ஒரு பகுதியை மாணவ ஆட்டக்காரர்களுக்கு நேரடியாக வழங்கலாம். உதவித்தொகை எண்ணிக்கைக்கு இருந்த வரம்புகள் நீங்கி, அணியின் அளவுக்கு வரம்பு வந்தது. அதன்படி உடன்பாட்டில் சேர்ந்த பல்கலைக்கழகத்தின் மகளிர் கைப்பந்தாட்ட அணியில் 18 பேர் இருக்கலாம், அவர்கள் அனைவருக்கும் உதவித்தொகை வழங்கலாம். பகிரப்படும் பணத்தில் பெரும்பகுதி கால்பந்துக்கும் ஆண்கள் கூடைப்பந்தாட்டத்துக்குமே செல்லுமானால், அது 1972 ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு உடன்பட்டதா என்ற கேள்வியை எழுப்பி வீராங்கனைகள் சிலர் அவ்வுடன்பாட்டுக்கு எதிராக மேன்முறையீடு செய்தனர்.